எனக்கு மேலே நின்ற ஆள்

அந்த ஆற்றில் தூண்டிலோடு இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது பெற்றோர் வைத்த பெயரும் இல்லை, அவரவர் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டதும் இல்லை. தண்ணீரில் ஏதாவது அசட்டுத்தனம் செய்து மாட்டிக்கொள்கிற அன்றைக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பஸ் ஓட்டுகிறவர் ஒரு நாள் சேற்றுக்குள் காலை விட்டு, ஒரு பக்கத்து ரப்பர் பூட்சைப் பறிகொடுத்து, நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் ஒத்தக்கால். ஊரில் யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் திறந்து கொடுக்கிறவர், தன் கார்ச் சாவியை ஆற்றில் போட்டுவிட்டுத் கார்க் கண்ணாடியைத் தானே கல்லால் உடைத்தார். அவர் பூட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், மீன் வரும் வரும் என்று அசையாமல் நின்று, நின்றபடியே கண் அசந்துபோய், கையிலிருந்த தூண்டில் மிதந்து போனது கூடத் தெரியாமல் நின்றார். அவர் கொக்கு.

அவளுக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை.

பூட்டு அவளைத் தங்கச்சி என்பார். ஒத்தக்கால் மேடம் என்பார். கொக்கு அவளைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் வாங்கம்மா, போங்கம்மா என்பார். அவள் கரைமேட்டில் தலை காட்டினால் போதும், "லேடீஸ் வர்றாங்கப்பா" என்று யாராவது சொல்ல, பாதியில் நின்ற சிரிப்பைத் தொண்டையிலேயே விழுங்கிவிட்டு மூன்று பேரும் ஒழுங்காக நிற்பார்கள். பிளாஸ்கில் இருக்கும் டீ முதலில் அவளுக்குத்தான். அவள் உட்காருகிற கல்லில் துண்டை விரித்துப் போடுவார்கள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர்கள், ஆண்டவன் அவர்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

அவர்களுக்குள் மட்டும் எல்லாரும் பங்காளி. "பங்காளி, நூல் மரத்துல மாட்டிக்கிச்சு." "பங்காளி, நீ கட்டின ஈயைப் பார்த்து மீனு சிரிக்குது, கேக்குதா?" "பங்காளி, டீயை நீயே குடிச்சிட்டா நாங்க ஆத்துத் தண்ணியையா குடிக்கிறது?" நாள் முழுக்க அந்தச் சொல் தண்ணீரின் மேல் இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருக்கும். அவள் தலைக்கு மேலேயே போகும், அவளைத் தொடாமல் போகும்.

இது புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் உட்காருகிற தூண்டில் இல்லை. சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி ஒரு ஈயைப் போலச் செய்து, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் நூலைப் பின்னாலும் முன்னாலும் ஓட விட்டு வீச வேண்டும். பிடிபடுகிற புள்ளி போட்ட மீனைக் கையில் ஒரு நிமிடம் ஏந்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். வீட்டில் அவள் நாத்தனாருக்கு இது அடியோடு பிடிக்காது.

"ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறிட்டு வெறுங்கையோட வர்றா. கேட்டா, புடிச்சேன், விட்டுட்டேன்கிறா. இதுக்கு நான் வீட்டுல உக்காந்தே நாலு மீனைப் புடிச்சு நாலையும் விட்டுருப்பேன்" என்பாள்.

ரொட்டி அடுப்பில் வேலை பார்க்கிற அவள் கணவர், இருட்டோடு போய் மத்தியானம் புருவமெல்லாம் மாவோடு திரும்புகிறவர், அதற்குச் சிரிப்பார். அதிகம் பேசாத மனிதர். "போயிட்டு வரட்டும்க்கா. கை மேல போகுதுல்ல" என்பார்.

கை மேலே போகிறது. அதற்காகத்தான் எல்லாம்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கீழ்த்தளத்தில், குழாய்கள் ஓடுகிற தாழ்ந்த கூரைக்குக் கீழே, சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும் அறை. பெரிய உருளை இயந்திரத்தின் ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் சூடாக, விறைப்பாக வெளியே வரும். இரண்டு பேர் நின்று முனைகளைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் வார்டுக்கு ஒரு நிறத்தில் நூல் தைத்திருக்கும். ஆப்பரேஷன் வார்டுக்கு நீலம், பிரசவ வார்டுக்குச் சிவப்பு, எலும்பு வார்டுக்கு மஞ்சள். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், விரிப்பு மடித்தே தலைமயிரில் வெள்ளை கண்டாள்.

ஒரு நாள் அவளே அந்த நீல நூல் விரிப்பில் படுக்க வேண்டி வந்தது. வலது மார்பில் கட்டி. எடுத்தார்கள். கண் விழித்தபோது கன்னத்துக்குக் கீழே விரிப்பின் மடிப்புக் கோடு ஒரு விரல் சாய்ந்திருப்பதைப் பார்த்து, இது என் ஜோடிக்காரி மடித்ததுதான், அவள் இடது கை எப்போதும் அவசரப்படும் என்று நினைத்துக்கொண்டாள். உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

புண் ஆறியது. கை மட்டும் தோளுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்றது. உடற்பயிற்சி அறையில் சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் ஏற்றி ஏற்றி இறக்கச் சொன்னார்கள். அவள் இரண்டு முறை ஏற்றிவிட்டு அழுதுவிடுவாள். பயிற்சி கொடுத்த பெண் வயதில் சின்னவள், நல்ல துணிச்சல்காரி. "சுவத்தைப் பார்த்துக் கையைத் தூக்க யாருக்குத்தான் மனசு வரும்? வாங்க வெளியே" என்று புல்தரைக்கு அழைத்துப் போய், தன் தூண்டிலையே கையில் கொடுத்தாள். கொக்கிக்குப் பதிலாக முனையில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டியிருந்தாள்.

"நூல் பின்னால முழுசா நீள்ற வரைக்கும் பொறுக்கணும்க்கா. அதுக்கு முன்னாடி அவசரப்பட்டா காலடியிலயே விழும்."

பொறுக்க அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. நூல் பின்னால் போகும்போது மனதுக்குள் "ஆண்டவனே, உன் பொறுப்பு" என்பாள். சொல்லி முடிக்கவும் நூல் நீண்டு முடிக்கவும் சரியாக இருக்கும். அப்புறம் கை தானாக முன்னே வரும். நோயாளிகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்க, ஆஸ்பத்திரிப் புல்தரையில் அவள் மீனே இல்லாத இடத்தில் வீசி வீசி, ஒரு நாள் தலைக்கு மேலே தன் கையையே பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வேறு ஊருக்கு மாற்றலானபோது பழைய தூண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவளை ஆற்றுக்குக் கூட்டிப் போனாள். அங்கே நின்ற மூன்று பேரிடமும் சொன்னாள்: "அண்ணே, இவங்களைப் பார்த்துக்கோங்க."

பார்த்துக்கொண்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்கள். வந்த வினையும் அதிலிருந்தே வந்தது.

மேலே மலையில் மரம் வெட்டுகிறார்கள். மழை பெய்தால் ஆறு பெருகி, கரையில் அடுக்கிய தடிகளில் ஒன்றிரண்டை இழுத்துக்கொண்டு வரும். தண்ணீரில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் பார்த்துத்தான் வீசுவார்கள், வருவது முதுகுக்குப் பின்னால் வரும். அதனால் அந்த ஆற்றில் ஒரு வழக்கம். எல்லாருக்கும் மேலே நிற்கிறவர் மேல்பக்கம் பார்த்து நிற்பார். தடி வருவதைக் கண்டதும் "பங்காளீ!" என்று ஒரே ஒரு முறை, நீட்டிக் கூப்பிடுவார். வேறு பேச்சு கிடையாது, தண்ணீர் இரைச்சலில் வேறு எதுவும் காதில் ஏறாது. அடுத்து நிற்கிறவர் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். அதே குரலைத் தனக்குக் கீழே நிற்கிறவருக்குக் கொடுத்துவிட்டுக் கரைக்கு ஓடுவார். இப்படி ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குக் குரல் இறங்கிப் போகும். தடியைவிட வேகமாகப் போகும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "மரம் கிரம் வந்தா நாங்க சொல்றோம் தங்கச்சி, நீங்க நிம்மதியா வீசுங்க" என்றார் பூட்டு. "நடுவுல நில்லுங்க. மேலயும் ஆள் இருக்கும், கீழயும் ஆள் இருக்கும், பயமில்ல." ஆகவே பூட்டு மேலே நின்றார். அடுத்து அவள். அவளுக்குக் கீழே கொக்கு. கடைசியில் ஒத்தக்கால். பாதுகாப்பு என்று அவளை நடுவில் நிறுத்தியவர்களுக்கு, குரல் இறங்கும் வழியிலேயே அவளை நிறுத்தியிருக்கிறோம் என்று தோன்றவில்லை. இரண்டு கோடை அப்படியே நின்றார்கள், ஒன்றும் வரவில்லை.

வந்த அன்று வானம் துடைத்து விட்டாற்போல இருந்தது. மலையில்தான் மழை. தண்ணீர் டீயைப் போல நிறம் மாறி, வழக்கத்தைவிட இடுப்பை அழுத்தியது. அவள் கீழ்ப்பக்கம் பார்த்து வீசிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பூட்டின் குரல் வந்தது. "பங்காளீ!"

அவளுக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. பெரிய மீனாக மாட்டியிருக்கிறது, கொக்கைக் கூப்பிட்டுப் பெருமை அடிக்கிறார் என்று நினைத்து, தனக்குள் சிரித்தும்கொண்டாள். கொக்கு திரும்புவார் என்று பார்த்தாள். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு அவர் கொக்காகவே நின்றார். அவ்வளவு தூரத்துக்குப் பூட்டின் குரல் எட்டாது என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது குளிர்ந்த அலை ஒன்று அவள் நெஞ்சில் மோதியது. அவளுக்கும் அக்கரைக்கும் நடுவில், பட்டை உரிந்து செக்கச்செவேலென்று ஒரு தடி சத்தமில்லாமல் கடந்து போனது. போகிறபோக்கில் வளைந்து, கொக்கு நிற்கிற பக்கமாகத் தலையைத் திருப்பியது.

"ஐயா!" என்று கத்தினாள். "ஐயா! ஐயா!"

அவர் திரும்பவில்லை. எந்தச் சொல்லுக்கு அவர் திரும்புவார் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே வந்து நின்றது. வயதில் மூத்த ஆண்பிள்ளையை, அடுத்த வீட்டு மனிதரைப் போல இருக்கிறவரை, பங்காளி என்று எப்படிக் கூப்பிடுவது? வாய் கூசியது. ஒரு மூச்சு நேரம்தான் கூசியது. அந்த மூச்சுக்குள் தடி அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒத்தக்கால்தான் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். பூட்டு கரையோடு ஓடி வந்தார். மூன்று பேருமாக இழுத்துக் கரையில் போட்டபோது கொக்கின் நீண்ட கால் ஒன்று, இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிரை ஆண்டவன் விட்டு வைத்தான்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் ஆற்றுக்குப் போனாள். வீசப் போகவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போனாள். என்ன திட்டு திட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பது என்று வழியெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டு போனாள்.

பூட்டு கல்லில் துண்டை விரித்தார். "உக்காருங்க தங்கச்சி."

"அண்ணே, அன்னிக்கு நீங்க கூப்பிட்டது..."

"அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

"எனக்குக் கேட்டுச்சுண்ணே."

"தண்ணி சத்தத்துல கேட்டிருக்காது."

"கேட்டுச்சுன்னுதான் சொல்றேன்."

"விடுங்க மேடம்" என்றார் ஒத்தக்கால், டீயை ஊற்றி நீட்டியபடி. "ஏதோ நம்ம கெட்ட நேரம். லேடீஸை யாராச்சும் குத்தம் சொல்வாங்களா? இனிமே நீங்க இந்தக் கரையில நின்னே வீசுங்க. இங்க ஆழமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவள் டீயைக் குடித்தாள். காது கேட்டதைக்கூட அவர்கள் அவளிடமிருந்து அன்பாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். தப்பு செய்யாத இடத்தில் திட்டு வாங்கினால் அழுகை வரும், அது எல்லாருக்கும் தெரியும். தப்பு செய்த இடத்தில் ஒருவரும் திட்டாவிட்டால் என்ன வரும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"அவங்களே ஒண்ணும் சொல்லல. நீ ஏன் போட்டு அலட்டிக்கிறே?" என்றார் அவர், கை மாவைத் தட்டிவிட்டபடி.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பாமலே பேசினாள். "அதுதான்டா அவளுக்கு வலிக்குது. நான் உன் பொண்டாட்டியைத் தினம் திட்டுறேனே, எதுக்கு? அடுத்த வீட்டுக்காரி பாலைப் பொங்க விட்டா நான் போய்த் திட்டுவேனா? சிரிச்சிட்டு வந்துருவேன். இவ பொங்க விட்டாத்தான் எனக்கு ஆத்திரம் வரும். இவ நம்ம வீட்டு ஆளு."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அடுத்த நொடியே, "என்ன பார்க்கிறே, துடைச்சு அடுக்கு" என்றாள் நாத்தனார்.

மஞ்சள் நூல் விரிப்புகள் தினமும் சலவைக்கூடத்துக்கு வந்தன. இவற்றில் எதில் கொக்கு படுத்திருப்பார் என்று நினைத்தபடி ஒவ்வொன்றையும் உருளைக்குள் கொடுத்தாள். மடிப்புக் கோடு சாயாமல் மடித்தாள். மூன்று மாடி ஏறினால் எலும்பு வார்டு. ஏறக் கால் வரவில்லை. ஒரு நாள் வண்டி தள்ளுகிற ஆள் வராததால், அவளே விரிப்புகளை வண்டியில் அடுக்கி, லிஃப்டில் ஏற்றிக்கொண்டு மேலே போனாள். ஆண்டவன் சில நேரம் வண்டிக்காரனுக்குக் காய்ச்சலைக் கொடுத்துக் காரியத்தை முடிக்கிறான்.

ஜன்னலோரக் கட்டிலில், காலில் கட்டும் கயிறும் எடையுமாகக் கொக்கு படுத்திருந்தார். முக்காலியில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "யாரு, அந்த ஆத்து லேடீஸா? வாம்மா, வா" என்று சுளையை நீட்டினாள்.

கொக்கு சுளையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டு கூப்பிட்டான்ல. கேட்டுச்சாம்மா உங்களுக்கு?"

"கேட்டுச்சுங்கய்யா."

"அப்புறம் ஏன் எனக்குக் குரல் குடுக்கல?"

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. அவள் வண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உங்களைக் கூப்பிடுறார்னு நெனச்சேன். நீங்க எல்லாம் பங்காளிங்க. நான் அதுல இல்லையேங்கய்யா."

கொக்கு கூரையைப் பார்த்தார். "சரி. தடி உங்களைத் தாண்டிப் போறப்ப பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். ஐயா ஐயான்னு கத்தினேன்."

"ஐயாவா! ஆத்துல எவன் ஐயா? வேலை பார்த்த காலம் பூரா நான்தான் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஐயா, தபால்னு கத்தினேன். என்னை யாரு ஐயான்னாங்க? அது என் காதுல எப்படி ஏறும்?"

"தெரிஞ்சுது. அந்த இன்னொரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. கூச்சமா இருந்துச்சு. சொல்லல."

"கூச்சமா இருந்துச்சா?" கொக்கு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. "உன் கூச்சத்துக்கு என் இடுப்பெலும்பா கெடைச்சுது? ஒரு மனுஷன் செத்துப்போற நேரத்துல மரியாதை பார்ப்பியா நீ? மாமான்னு கூப்பிடு, மச்சான்னு கூப்பிடு, கழுதைன்னு கூப்பிடு, திரும்புற மாதிரி கூப்பிட வேண்டாமா? அறிவு இருக்கா? இனிமே நான் தண்ணியில நிக்க முடியாது, தெரியுமா? டாக்டர் சொல்லிட்டாரு. ஆத்துல ஊனிக்கிட்டு நின்ன கம்பை இனிமே தெருவுல ஊனிக்கிட்டுப் போகணும்!"

அதுவரை நீங்க, வாங்க என்றவர் எப்போது நீ என்று மாறினார் என்பது அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் கதவருகில் வந்து நின்றாள். அவர் மனைவி ஆரஞ்சை மடியில் போட்டுவிட்டு, "என்னங்க இது, பொம்பளையைப் போய் இப்படிப் பேசுறீங்க" என்றாள்.

"பொம்பளையா? எனக்கு மேல நின்ன ஆளு அது!" என்றார் கொக்கு. "எனக்கு மேல நின்ன ஆளைத் திட்டாம, ஆரஞ்சு உரிக்கிற உன்னையா திட்டுவேன்?"

அவள் தலையைக் குனிந்து நின்றாள். கண்ணீர் மஞ்சள் நூல் விரிப்பின் மேல் சொட்டியது. அது துக்கக் கண்ணீர்தான். அந்த மனிதர் இனி ஆற்றில் நிற்கமாட்டார், அதை எந்தக் கண்ணீரும் சரி செய்யாது. ஆனால் இத்தனை நாளாக நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது எதுவோ அசைந்து இடம் கொடுத்தது. மூச்சு உள்ளே போனது.

"மன்னிச்சிருங்க" என்றாள்.

"மன்னிக்கிறது அப்புறம். பூட்டு வரட்டும், அவனுக்கும் இருக்கு. நடுவுல ஒரு ஆளை நிறுத்துவான், என்ன செய்யணும்னு சொல்லித் தரமாட்டான்." கொக்குக்கு மூச்சு வாங்கியது. தலையணையில் சாய்ந்துகொண்டார். "அந்த விரிப்பை மாத்திட்டுப் போ. இது கசங்கிக் கெடக்கு, முதுகு உறுத்துது."

அவரைப் புரட்டாமல், ஒரு பக்கமாகச் சுருட்டி மறுபக்கமாக விரித்து, அவளே மாற்றினாள். அவர் மனைவி சுளையைத் திரும்ப நீட்டினாள். இந்த முறை வாங்கிக்கொண்டாள்.

ஆறு தெளிந்த பிறகு, ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். பூட்டு துண்டை விரிக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார். கொக்கு அவரைக் கிழித்துத் தொங்கப் போட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் கரையில நிக்கலண்ணே" என்றாள். "தண்ணியில நிக்கிறேன். மேல நிக்கிறேன்."

ஒத்தக்கால் டீ கிளாசைக் கீழே வைத்தார். "மேலயா? மேடம், அது..."

"தங்கச்சி" என்றார் பூட்டு மெதுவாக. "மேல நிக்கிறவங்க வாயிலதான் எங்க ரெண்டு பேர் உசிரும் இருக்கும்."

"தெரியும்ணே."

"மேல பார்த்தே நிக்கணும். மீன் அதிகம் சிக்காது."

"சிக்கினாலும் விடத்தானே போறேன்."

பூட்டு அவளையே பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை உண்டு. தூண்டிலை எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் நடந்தார். ஒத்தக்கால் பின்னால் போனார். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அவள் மேலே போய் நின்றாள். முழுகுகிற ஈயைக் கழற்றிவிட்டு மிதக்கிற ஈயைக் கட்டினாள். மேல்பக்கம் வீசினால் நூல் தன்னை நோக்கியே மிதந்து வரும், இடது கையால் சட்சட்டென்று அள்ள வேண்டும். ஆண்டவனே, உன் பொறுப்பு என்று வழக்கம்போல மனதில் வந்தது. இல்லை, இன்றைக்கு என் பொறுப்பும்தான் என்று சேர்த்துக்கொண்டாள். அதைச் சேர்த்துச் சொன்னதில் நூல் கொஞ்சம் தாமதமாகக் கோணலாய் விழுந்தது. பரவாயில்லை. கண் நூலில் இல்லை, வளைவில் இருந்தது.

வெயில் ஏறி வந்த நேரம், வளைவைத் தாண்டி ஏதோ கறுப்பாகத் திரண்டு வந்தது. முழுகியது, எழுந்தது, உருண்டது. என்ன ஏது என்று பார்க்க நிற்கவில்லை. திரும்பினாள். கீழே இரண்டு முதுகுகள். வாயைத் திறந்தாள்.

"பங்காளீ!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். பாதியில் உடைந்து, கீச்சென்று ஏறி, ஆற்றின் மேல் ஓடியது. பூட்டு திரும்பிப் பார்க்கவில்லை. "பங்காளீ!" என்று கீழே கொடுத்துவிட்டுக் கரைக்குப் பாய்ந்தார். ஒத்தக்கால் விழுந்தடித்து, தவழ்ந்து, புல்லைப் பிடித்து ஏறினார். அவளும் ஏறினாள். மூன்று பேரும் மூன்று இடத்தில் மூச்சு வாங்க நின்று ஆற்றைப் பார்த்தார்கள்.

ஒரு குடை வந்தது.

பெரிய கறுப்புக் குடை. கம்பி இரண்டு வெளியே துருத்த, பிடி மேலே நிற்க, தண்ணீரில் நிதானமாகச் சுற்றிச் சுற்றி, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் பிடித்துக்கொண்டு உலாவப் போவதைப் போல, மூன்று பேருக்கும் முன்னால் கடந்து போனது.

ஒத்தக்கால் கரையில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்.

"குடை" என்றார். "முட்டி ரெண்டும் பேந்துபோச்சு. கடவுளே, ஒரு குடைக்கு! மழையா பேயுது? ஏன் பங்காளி, கண்ணு தெரியலேன்னா கண்ணாடி போட வேண்டியதுதானே?"

அவள் குனிந்து நூலைச் சுற்றினாள். பூட்டு மட்டும் ஒத்தக்காலை ஒரு பார்வை பார்த்தார். ஒத்தக்கால், நான் என்ன சொன்னேன் என்பது போலத் திரும்பப் பார்த்தார், அப்புறம் இன்னொரு பூட்சைக் கழற்றினார்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. கொக்குகிட்ட சொல்லணும்" என்றார் பூட்டு. "கீச்சுக் குரல் ஆத்துச் சத்தத்தைத் தாண்டி வருது. என் குரல்கூட அப்படி வராது." பிறகு அவர் முகம் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆனா குடைக்கு ஓடினோம்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. கட்டில்ல கெடக்கிற மனுஷன், சிரிச்சா இடுப்பு வலிக்கும்."

டீயை ஒத்தக்கால் முதலில் தனக்கு ஊற்றிக்கொண்டார். அடுத்தது பூட்டுக்கு. மூன்றாவதாக அவளுக்கு. துண்டு யாருடைய தோளிலோ கிடந்தது, அவள் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்து குடித்தாள்.

குடித்து முடித்ததும் இருவரும் எழுந்து தண்ணீர் ஓரம் போனார்கள். போனவர்கள் ஆழத்துக்கு இறங்கவில்லை. முழங்காலளவில் நின்று, அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஏ குடை" என்றார் பூட்டு. "மேல பார்த்துச் சொல்லு. இறங்கலாமா?"

அவள் தன் இடத்துக்கு நடந்து போய் நின்றாள். வளைவைப் பார்த்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. மலைப்பக்கம் தண்ணீர் வெறுமையாக, வெயிலைச் சுமந்துகொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இறங்குங்க" என்றாள்.